நானூற்றுப் பன்னிரண்டாம் நம்பர்

17 அக்டோபர் 96, வியாழன்

காலையிலிருந்து மூட்டம். மழையும் இல்லை, துணியும் காயவில்லை.

எஸ்.ஐ. ஆள் அனுப்பியிருந்தார். திங்கட்கிழமை வீரவணக்க நாளாம். பாளையங்கோட்டை ஆயுதப்படை மைதானத்தில், பணியில் செத்த போலீஸ்காரர்கள் பெயரெல்லாம் வாசிப்பார்கள். இந்த வருஷம் என் வீட்டுக்காரர் பெயரும் உண்டு. நான் மலர் வளையம் வைக்க வேண்டும். கோடையில் ஆற்றுப் பாதையில் மணல் லாரியைக் கைகாட்டி நிறுத்தப் போன மனுஷன். லாரி நிற்கவில்லை. இப்போது மலர் வளையம்.

சேதி கொண்டுவந்தது சுடலைமுத்து. புதுப் போலீஸ், சின்ன வயசு. சொல்லி முடித்த பிறகும் வாசலை விட்டு நகரவில்லை.

"அக்கா, தப்பா நினைக்காதிய. அண்ணன் நம்பரை எனக்குப் போட்டுட்டாவ."

"எந்த நம்பரு?"

"நானூத்திப் பன்னெண்டு."

கதவைச் சாத்திவிட்டேன்.

18, வெள்ளி

வாங்க: சீமையெண்ணெய், பாப்பாவுக்கு ரிப்பன், வத்தல்.

பக்கத்து வீட்டில் கேட்டது: "வெள்ளச் சேலதான கட்டுவா?" கட்ட மாட்டேன். கத்தரிப்பூ நிறம்தான். அவர் எடுத்துக் கொடுத்தது.

ஸ்டேஷனில் யாருக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். போலீஸ் லைன் குடியிருப்பில் நான்கூட 'நானூத்திப் பன்னெண்டு வீட்டம்மா'. சாயங்காலம் தோசை ஊற்றும்போது பின்பக்கம் ஸ்டேஷனிலிருந்து குரல். "நானூத்திப் பன்னெண்டு!" "ஐயா!" கை தானாக இன்னொரு தட்டை எடுத்து வைத்தது.

பாப்பா வாசலுக்கு ஓடினாள். "எம்மா, அப்பாவக் கூப்பிடுதாவ!"

முதுகில் ஒன்று வைத்தேன். அப்புறம் அவளும் அழுதாள், நானும் அழுதேன். தோசை கருகிப் போச்சு.

20, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். பிரசங்கம் ஒன்றும் மனதில் ஏறவில்லை.

திரும்பி வரும்போது குழாயடியில் சுடலைமுத்து. தயங்கித் தயங்கி, "அண்ணனோட பித்தளை நம்பர் வீட்டுல கிடக்கா அக்கா? எனக்கு இன்னும் அடிச்சு வரல. நாளைக்கு அணிவகுப்பு."

இல்லை என்றேன். தையல் மிஷின் டிராயரில் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "இப்ப எங்கன டூட்டி?"

"நாளக் கழிச்சு ஆத்துப் பக்கந்தான்க்கா. மணல் லாரி செக்கிங்."

குடம் நிரம்பி வழிந்ததைக் கவனிக்கவில்லை. அதே நம்பரை அதே இடத்துக்கு அனுப்புகிறார்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லையா? பயமாக இருக்கிறது. யாரிடம் போய்ச் சொல்ல?

21, திங்கள்

பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லியாச்சு. தூறல். பாப்பாவுக்கு லேசாக ஜலதோஷம்.

மைதானத்தில் பெயர் பெயராக வாசித்தார்கள். எந்தெந்த ஊர்க்காரர்களோ. நடுவில் அவர் பெயர். கூப்பிட்டால் 'ஐயா' என்று சத்தம் வர வேண்டுமே. காத்துக்கொண்டிருந்தேன். பைத்தியக்காரி. வாசித்தவர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

வளையத்தைக் கையில் வாங்கி நடக்கும்போது மழை வலுத்தது. பின்னால் இன்ஸ்பெக்டர், "நானூத்திப் பன்னெண்டு! அம்மாவுக்குக் குடை பிடி!"

"ஐயா!"

பூட்ஸ் சத்தம் ஓடி வந்தது. அதே ஓட்டம். தலைக்கு மேல் குடை. நான் திரும்பவில்லை. திரும்பினால் சுடலைமுத்து. திரும்பாத வரைக்கும் அவர். அப்படியே நினைவுத் தூண் வரைக்கும் சேர்ந்து நடந்தோம். இன்னும் கொஞ்சம் தள்ளிக் கட்டியிருக்கலாம் அந்தத் தூணை.

மரியாதைக்குத் துப்பாக்கிகள் முழங்கியபோது பாப்பா காதைப் பொத்திக்கொண்டு என் சேலைக்குள் புகுந்தாள். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். பையன் தொப்பலாக நனைந்திருந்தான். நெஞ்சில் நம்பர் இல்லை.

22, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது.

பித்தளை நம்பரைப் புளி போட்டுத் துலக்கினேன். டூட்டிக்குப் புறப்பட்டவனை வாசலில் நிறுத்திக் கையில் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"இங்க பாரு, லாரி வந்தா குறுக்க போயி நிக்காத. ஓரமா நின்னு கை காட்டு. நிக்கலன்னா போவட்டும். போயிட்டுப் போவுது, கேட்டியா?"

"சரிக்கா."

அவரும் இப்படித்தான். சரி என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்.