எந்த ரீல் என்று கேட்டாயே

அன்புள்ள மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதும் கடிதம். நாங்கள் இருவரும் நலமாக இருக்கிறோம், என் வலது கை மட்டும் இன்னும் முழுதாக எங்களோடு வந்து சேரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறோம்.

தூண்டில் நரம்பைச் சுற்ற எந்த ரீல் வாங்கட்டும் என்று மூன்று படம் அனுப்பிக் கேட்டாய், மூன்று வாரமாக நான் பதில் சொல்லாமல் இழுத்தடித்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், இனி ஏரிப் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்து தூண்டிலைப் பரணில் போடச் சொல்லியிருந்தேன். முப்பது வருஷம் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் சுற்றிய கை, பக்கவாதம் வந்து ஏழு மாதமாகச் சட்டைப் பொத்தானுக்கு அம்மாவைக் கூப்பிடுகிறது என்றால் எனக்கு எப்படி இருக்கும், நீயே சொல். அம்மா என்ன செய்தாள் தெரியுமா? போன வியாழக்கிழமை கண் டாக்டரிடம் போவதாகச் சொல்லிக் கிளம்பினாள், போன இடம் தூண்டில் கடை. கடைக்காரர், அதுதான் நாங்கள் சோடாக்கண்ணாடி என்று கூப்பிடுவோமே அவர், ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்து எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டார். இந்த இடத்தில் உன் அம்மா பேனாவை மூடிவிட்டாள், இதெல்லாம் பிள்ளைக்கு எதற்கு என்கிறாள், எழுது எழுது என்று நான் கெஞ்சிய பிறகுதான் பேனா நகர்கிறது.

கடைக்குப் போனவள் தன் வலது கை விரல்களை மடக்கி, கைப்பையில் கொண்டுபோன துண்டால் இறுகக் கட்டச் சொல்லியிருக்கிறாள். என் கை எப்படியோ அப்படி. கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் இல்லையா, மூன்று தடவை செய்து பார்க்காமல் உப்பை உப்பென்று நம்ப மாட்டாள். கடைக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில் ஒவ்வொரு ரீலையும் மூன்று முறை வீசியிருக்கிறாள். முதலில் நான் வைத்திருக்கும் ஜாதி, உருளை ஓட ஓடக் கட்டைவிரலால் அடக்க வேண்டியது. இடது கட்டைவிரலுக்கு அந்தப் பழக்கம் ஏது, மூன்று தடவையும் நரம்பு சிக்காகிப் போய், வீசிய நேரத்தைவிடப் பிரித்த நேரம்தான் அதிகமாம். இரண்டாவது, முன்பக்கம் வளைந்த கம்பி உள்ளது. சிக்கு இல்லை, ஆனால் ஒவ்வொரு வீச்சுக்கும் கம்பியை மற்றக் கையால் தூக்க வேண்டும், கட்டிய கை வழுக்கி வழுக்கி வந்ததாம். மூன்றாவது மூடி போட்ட பொத்தான் ரீல். இடது கையிலேயே கோலைப் பிடித்து, கட்டைவிரலால் பொத்தானை அழுத்தி, வீசும்போது விட்டால் போதும், வலது கைக்குச் சுற்றும் வேலை மட்டும்தான். சோடாக்கண்ணாடி அதற்கும் மேலே போய், மோட்டார் வைத்த ரீலைக் கொண்டுவந்து காட்டி, இதில் அந்தக் கஷ்டமும் இல்லை என்றிருக்கிறார். உன் அம்மா அதைத் தொடக்கூட இல்லையாம். "அதுவே சுத்திக்கிட்டா அவர் கை என்ன பண்ணும்? அந்தக் கைக்குத்தாங்க வேலை வேணும்" என்றாளாம். சோடாக்கண்ணாடியை அதையே இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

ஆனால் என் வீம்பு உனக்குத் தெரியாததா. மூடி போட்ட ரீலோடு ஏரிக்கு வந்தவர்களை எல்லாம் பால்புட்டி என்று கேலி செய்தவன் நான். கடையில் காட்சிக்குக் கோலோடு வைத்திருந்த ஒன்றைச் சோடாக்கண்ணாடி பழகச் சொல்லி வைத்துவிட்டுப் போனார், அன்று முழுக்க அதன் பக்கம் திரும்பவில்லை. திங்கட்கிழமை அம்மா பால் வாங்கப் போன நேரம் பார்த்து மொட்டை மாடிக்கு எடுத்துப் போனேன். முதல் வீச்சு பக்கத்து வீட்டுக் கொடியில் போய் ஒரு பனியனைப் பிடித்தது. இரண்டாவது நேராகப் போனது. வலது உள்ளங்கையைப் பிடியில் வைத்து அழுத்தி அழுத்திப் பதினோரு சுற்றுச் சுற்றினேன் மகளே, பதினோரு சுற்று. திரும்பினால் படியில் பால் பையோடு இவள் நிற்கிறாள். பால்புட்டி என்று அவள் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

ஆகவே மூடி போட்டதே வாங்கு. உள்ளே பற்சக்கரம் உலோகமா என்று கேள், பிடி பெரிய உருண்டையாக இருக்கட்டும், டப்பாவில் அச்சடித்த பெருமைகளைப் பார்த்து மயங்காதே. ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே, மாப்பிள்ளை சமைத்தால் குறை சொல்லாமல் சாப்பிடு. எல்லா நலமும் பெற்று நீங்கள் இருவரும் நீண்ட காலம் நிறைவாக வாழ வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு.

இனி என் வலது கை எழுத்து. கோணல்தான். அம்மா உறை தேட உள்ளே போயிருக்கிறாள். கடையில் துண்டை அவிழ்த்த பிறகு, இன்னும் ஒரே ஒரு தடவை வீசிப் பார்க்கலாமா என்று கேட்டாளாம். முப்பத்திரண்டு வருஷத்தில் நான் அவளை ஒரு நாள்கூட ஏரிக்குக் கூப்பிட்டதில்லை. ரீல் இரண்டு அனுப்பு. மறக்காதே.

உன் அப்பா