உன் அப்பாவின் இருமல் நின்ற விவரம்

மரியே வாழ்க

கொட்டச்சேடு,
ஆனி மாதம், மழை கொஞ்சம் விட்ட நேரம்

அன்பு மகள் ஆஷ்லினுக்கு உன் சித்தப்பா ஆண்டனி ராஜ் எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே நானும் உன் சித்தியும் என் ஜீப்பும் நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் ராஜா ஆரோனும் அந்த அயர்லாந்துக் குளிரில் சளி பிடிக்காமல் வேளைக்குச் சுடுசோறு தின்று சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் சாப்பாட்டுக்கு இங்கே வரும் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், வாய்ஸ் போட்டால் நீ திருப்பிப் போடுவதை அவரும் கேட்கிறார், இது அவர் காதில் விழக்கூடாத சேதி. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே கண்ணு, ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான், ஆனாலும் கொண்டை ஊசி வளைவில் ஒரு கையால் ஜீப்பைத் திருப்பிக்கொண்டே மறு கையால் கடிதம் எழுதக்கூடியவன் இந்த மலையிலேயே நான் ஒருத்தன்தான் என்பது கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் தெரியும்.

நீ போனில் சொன்னாயே, ஆரோனைக் கொண்டுவந்து நாகலூர் வீட்டில் தாத்தாவிடம் ஒரு வருஷம் விட வேண்டுமானால் முதலில் அந்த வீட்டுப் பெயிண்டில் ஈயம் இருக்கிறதா, சுவரில் என்ன பூசணம் பூத்திருக்கிறது என்று ஆள் வைத்துப் பார்க்க வேண்டும், பார்க்காமல் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று, அதைக் கேட்டு உன் அப்பாவுக்கு முகம் சுருங்கிப்போனது. இந்த ஊட்டுல தவழ்ந்துதானே அவ நர்சு ஆனா, இப்ப அவளுக்கே ஊடு ஆகலையா என்று என்னிடம் கேட்டார். ஆனால் பேரனைத் தூக்க வேண்டும் என்ற ஆசை கோபத்தைவிடப் பெரிசாக இருந்ததால் சரி என்று தலையாட்டினார். அப்புறம் நான் களத்தில் இறங்கினேன். முதலில் பெயிண்டர் ஏசுராஜ்தான் வந்தான். எல்லாக் கிறிஸ்துமஸுக்கும் பூசணத்தின் மேலேயே சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போகிறவன், இந்தத் தடவை ஏதோ வெள்ளை மருந்து கலந்து அடித்தால் பூசணம் பரம்பரைக்கும் வராது என்றான். ஈயத்துக்கு என்னடா என்றேன், கதவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுசு அடித்தால் போச்சு என்றான். அவனை நான் அனுப்பிய வேகத்தில் அவன் ஏணியை இங்கேயே மறந்துவிட்டுப் போனான். அடுத்ததாக ஒரு கம்பெனிக்காரர் வந்தார், சோதனை இலவசம், வேலை மட்டும் எங்களிடமே கொடுங்கள் என்றார். சோதிக்கிறவர் வேறே, இடித்து எடுக்கிறவர் வேறே இருக்க வேண்டும், இரண்டும் ஒருத்தரே என்றால் இல்லாத பூசணமும் இருக்கும் என்று நான் அவரை மடக்கினேன். நீ சொன்னதுதான், ஆனால் நான் சொன்னபோது அதற்கு ஒரு தனி கம்பீரம் இருந்தது. கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து சோதனை மட்டும் செய்கிற சிவசக்தி என்ற அம்மிணியை வரவழைத்தேன்.

அந்த அம்மிணி துப்பாக்கி மாதிரி ஒரு மிஷின் வைத்திருக்கிறது. கதவில் வைத்து அழுத்தினால் உள்ளே எத்தனை தலைமுறை பெயிண்ட் இருந்தாலும் ஈயம் எவ்வளவு என்று காட்டிவிடுகிறது. உன் அப்பா எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தபோது கொடுத்த வீடு அல்லவா, வெள்ளைக்காரன் காலத்துப் பச்சைப் பெயிண்ட் கதவிலும் சன்னலிலும் செதில் செதிலாக நிற்கிறது, அங்கேயெல்லாம் மிஷின் கத்திய கத்தலில் பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஈயச் சொம்பில் ரசம் வைத்துக் குடித்து வளர்ந்த உடம்பம்மா எங்கள் உடம்பு, ஈயம் எங்களை என்ன செய்யும் என்று கேட்டேன். அது வெள்ளீயம், இது காரீயம், வேறே வேறே என்று சொல்லிற்று. சன்னல் திறந்து மூடுகிற இடத்தில் உதிர்கிற தூசிதான் விஷமாம், தவழும் பிள்ளை கையை வாயில் வைத்தால் போதும், வெளியே ஒன்றும் தெரியாது, படிப்பும் புத்தியும் மட்டும் மெதுவாகப் பின்தங்குமாம். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது எல்லாவற்றிலும் மோசமாம். எனக்கு ஆரோன் அந்த சன்னலைப் பிடித்து எழுந்து நிற்பதுபோல ஒரு நிமிஷம் தெரிந்தது, அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. நான் வாயை மூடியதை அன்று நேரில் பார்த்தவர்கள் நிறையப் பேர்.

எல்லா அறையும் பார்த்தாகிவிட்டது, உன் அம்மா தெரசம்மாள் கடைசியாகப் படுத்திருந்த பின்னறை மட்டும் பாக்கி. அந்த அறை உனக்குத் தெரியாதது ஒன்றை வைத்திருக்கிறது மகளே, உன்னிடம் மறைத்தோம். உன் அம்மா கட்டிலில் சாய்ந்து உட்காரும் இடத்தில் சுவரில் அவள் தலை எண்ணெய் பட்டு ஒரு கறை இருந்ததே, அவள் போன பிறகு எத்தனை சுண்ணாம்பு அடித்தபோதும் உன் அப்பா அந்த இடத்தில் மட்டும் மட்டையைப் படவிடவில்லை. பனி உள்ளே வந்தால் அவளுக்கு இருமல் அதிகமாகிறது என்று அவர் சன்னலை ஆணி அடித்து இடுக்கெல்லாம் துணி திணித்திருந்தார், அதையும் அப்படியே வைத்திருந்தார். காற்றே போகாத அறையில் மழைக்கு மழை அந்தக் கறையில் பூசணம் வளர்ந்தது. முதலில் தலை மட்டும், அடுத்த மழைக்குத் தோள் வந்தது, போன மழைக்கு ஒரு கை, கூப்பிடுவதுபோலத் தூக்கினபடி. நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உன் சித்தி சொல்வாள், இதில் தள்ளுவதற்கு எதுவும் இல்லை சாமி. தினமும் காலையில் உன் அப்பா கதவைத் திறந்து அதன் எதிரே உட்கார்ந்திருப்பார். போதாததற்கு உன் அம்மாவுக்கு இருந்த அதே இருமல், இரண்டு சின்னதாக, பிறகு ஒரு நீண்ட இழுப்பு, அது அவருக்கும் வந்துவிட்டது. பின்னறையில் அவர் இருமினால் முன்வாசலில் நிற்கிற எனக்கு உன் அம்மா உயிரோடு இருக்கிறாள் என்றே தோன்றும். தெரசா கூப்பிடறா, மனுவேல் நொம்ப நாள் தாங்க மாட்டான் என்று டீக்கடை ஐயாக்கண்ணு உன் அப்பாவைப் பற்றி என் காதுபடவே சொன்னான். நான் அவனோடு சண்டைக்குப் போனேன், உன் அப்பா போகவில்லை, டீயைக் குடித்துவிட்டு லேசாகச் சிரித்தார்.

சிவசக்தி அந்த அறைக்குள் முகமூடி மாட்டிக்கொண்டு போய்ச் சுவரில் பஞ்சு தேய்த்து எடுத்துக்கொண்டு காற்றையும் ஒரு மிஷினில் பிடித்துக்கொண்டு போனது. ரிப்போர்ட்டில் ஈயம் கதவு சன்னலில், பூசணம் பின்னறையில், காரையைக் கல் வரைக்கும் கொத்தி எடுக்க வேண்டும், அதுவரை குழந்தை கூடாது, பெரியவர்களும் கூடாது என்று வந்தது. உன் அப்பா கதவையும் சன்னலையும் எடுக்கச் சம்மதித்தார், பின்னறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். பையனை அந்த ரூம்புப் பக்கமே உடமாட்டேன், போதுமா என்றார். சிவசக்தி போனில் போதாதுங்க என்றது, வீடு முழுக்க ஒரே காற்று அல்லவா. அவர் காதில் வாங்கவில்லை. அதற்குள் பெங்களூரிலிருந்து இடித்து எடுக்கிற ஆட்கள் வந்துவிட்டார்கள், வேலை நடக்கும்போது வீட்டில் ஆள் இருக்கக்கூடாது என்று சொல்லவும் அவரை என் ஜீப்பில் ஏற்றி இங்கே கொண்டுவந்தேன். தலை முதல் கால் வரை வெள்ளைச் சட்டை போட்டு அந்த ஆட்கள் பனிக்குள் நடந்து வந்ததைப் பார்த்து வாழவந்திக்குப் போகிற பஸ்ஸே நின்றுவிட்டது. வாசலில் பிளாஸ்டிக் கட்டி உள்காற்றை ஒரு மிஷின் இழுத்துக்கொண்டிருந்தது. அந்த பிளாஸ்டிக் உள்பக்கம் வாங்குவதும் தளர்வதுமாக இருந்ததை ஜீப்பிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த உன் அப்பா, ஊடு மூச்சு வாங்குதுடா என்றார். நான் சிரித்தேன், ஆனால் வண்டியைக் கொஞ்சம் வேகமாகவே எடுத்தேன்.

என் வீட்டில் உன் சித்தி கறியும் குழம்புமாக அவரைக் கவனித்தாள், முன்னறைக் கட்டிலை அவருக்கு விட்டுக்கொடுத்து நான் தரையில் படுத்தேன். கொஞ்ச நாளில் இருமல் குறைந்தது. அப்புறம் இடைவெளி விட்டு வந்தது. ஒரு நாள் காலையில் நான் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், அவர் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடியில் நின்று வேண்டுமென்றே இருமிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வெறும் தொண்டைச் சத்தம்தான் வருகிறது, அந்த இழுப்பு வரவில்லை. இருமல் போனால் நல்லதுதானே அண்ணா என்று கிட்டே போனேன். என்னைத் திரும்பிப் பார்த்தார் பார், உன் அம்மா அடக்கத்தன்றுகூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை.

"இருமல் நின்னுபோச்சுடா ஆண்டனி. அவ போயிட்டாடா."

அத்தனை நாளும் ஊர்தான் அவள் கூப்பிடுகிறாள் என்று பேசிற்று, அவருக்கோ அவள் கூடவே இருந்திருக்கிறாள், நெஞ்சுக்குள். அவர் இருமுவார், அதில் அவள் இருமல் அவருக்குக் கேட்கும். அந்தச் சுவர்ப் பூசணம்தான் அவரை இரும வைத்தது என்று இப்போது அவர் உடம்பே அவருக்குச் சொல்லிவிட்டது. அது புரிந்ததும் அடுத்தது புரியாமல் இருக்குமா. நாகலூருக்கு வண்டியை எடு என்றார். அன்று சிவசக்தி கதவு வேலையைச் சரிபார்க்க வந்திருந்தது. உன் அப்பா அதன் முன்னால் போய் நின்றார், வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஏனுங்க அம்மிணி, அவளுக்கும் இந்தச் செவுருதானுங்களா?"

"அது எனக்குத் தெரியாதுங்க ஐயா. நான் செவுத்தைத்தான் பார்ப்பேன். உடம்பை டாக்டருதான் சொல்லோணும்."

"சன்னலுக்கு ஆணி அடிச்சது நாந்தானுங்க."

அந்த அம்மிணி பொய் சொல்லவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. உன் அம்மாவுக்கு நெஞ்சில் வந்த நோய் அந்த அறைக்குப் போவதற்கு முன்னாலேயே வந்தது, சேலம் டாக்டர் அப்போதே கையை விரித்துவிட்டார், அதை நான் அவரிடம் அன்று எத்தனையோ விதமாகச் சொன்னேன், கொஞ்சம் கூட்டியும் சொன்னேன், டாக்டர் சொல்லாததையும் டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். கேட்டாரா தெரியாது. இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்து அந்த அம்மிணி கையில் வைத்தார். நிஜமாத்தானுங்களா என்று அது கேட்டது. அவர் தலையை ஆட்டிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

சுவரை நனைத்து நனைத்துக் கொத்தினார்கள். காரையைப் பைகளில் கட்டி வெளியே கொண்டுவந்தபோது உன் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார், நானும் கழற்றினேன், அந்த பெங்களூர்ப் பையன்கள் ஒன்றும் புரியாமல் அவர்களும் கொஞ்ச நேரம் நின்றார்கள். இப்போது அந்தச் சுவர் புதுச் சுண்ணாம்புக் காரையோடு வெறுமையாக இருக்கிறது. புது சன்னல், தாராளமாகத் திறக்கிறது. கூரையில் ஒழுகின இடத்தையும் அடைத்தாகிவிட்டது, ஈரம் போகாமல் பூசணம் போகாது என்பதால். சிவசக்தி திரும்ப வந்து தூசியும் காற்றும் சோதித்து, குழந்தை தவழலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது, அந்தக் காகிதத்தைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேனே. நீ சந்தோஷப்பட்டு டிக்கெட் பார்க்கிறேன் என்றாய். உன் அப்பாதான் கிறிஸ்துமஸுக்கு வா, அவசரம் வேண்டாம் என்றார், பேரன் ஆசையே விட்டுப்போயிற்றா என்று நீ வருத்தப்பட்டாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம். அவருக்கு அந்தக் காகிதம் போதவில்லை மகளே. இந்த மழை முழுக்கப் பின்னறையில் அவரே தங்கிப் பார்க்கப்போகிறாராம், இருமல் வந்தால் பையன் வரவேண்டாம், வராவிட்டால் வரட்டும் என்று எனக்குச் சொல்லிவிட்டார். நான் எத்தனை மன்றாடியும் கேட்கவில்லை, கட்டிலை அதே இடத்தில் போட்டுக்கொண்டார்.

காலைச் சவாரிக்குப் போகும்போது வீட்டுக்குப் பின்னால் வண்டியை நிறுத்துகிறேன். சன்னல் திறந்திருக்கிறது, பனி அதன் வழியாக உள்ளே போகிறது. அவர் கட்டிலில் நெஞ்சின் மேல் கையை வைத்து, வாசலில் யாரோ வந்திருக்கிறார்களா என்று காது கொடுப்பதுபோல உட்கார்ந்திருக்கிறார். முன்னைவிட முகம் தெளிவாக இருக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறார், மூச்சும் சீராக இருக்கிறது. வண்டியை விட்டு இறங்காமலே திரும்பி வந்துவிடுகிறேன். எது வர வேண்டும் என்று அவர் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இருமல் வந்தால் உன் பிள்ளை வரமாட்டான். வராவிட்டால் உன் அம்மா வரமாட்டாள்.

மாதா உன்னையும் மாப்பிள்ளையையும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும், ஆரோனுக்கு நூறு வயசும் என் புத்தியும் கொடுக்கட்டும், அவன் நெற்றியில் சித்தப்பா போட்டதாக ஒரு சிலுவை போடு. வீடு வைத்திருக்கிற உன் சிநேகிதிகளிடம் கதவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது உன் அப்பாவிடம் மழை எப்படி என்று கேள், குழம்பு என்ன என்று கேள், ஆரோனை அவருக்குக் காட்டு. இருமல் வந்ததா என்று மட்டும் கேட்டுவிடாதே கண்ணு.

என்றும் உன்னைத் தோளில் சுமந்த
சித்தப்பா ஆண்டனி ராஜ்