மூன்றாவது தடவை, தனியாக

இன்று முகப்பேரில் அந்த போட்டோ ஸ்டுடியோவுக்குப் போயிருந்தேன். வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்கார வைத்து, காது தெரிய வேண்டும் என்று முடியை ஒதுக்கச் சொன்னார் ஸ்டுடியோக்காரர். எடுத்து முடித்ததும் கம்ப்யூட்டரில் எதையோ தேடி, "சாரோடதும் இருக்கும்மா. அவருக்கும் ஒரு செட் போட்டுடவா?" என்றார். திரையில் நீங்கள். சிரிக்கக் கூடாது என்று சொல்லியும் உதட்டோரம் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிற முகம். "வேணாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அமெரிக்காவில் இருக்கிற நம் பெண் ஷீபாவைப் பார்க்க, வியாழக்கிழமை மறுபடி விசா கேட்கப் போகிறேன். இப்போதே பதற்றம்தான். கேஸ் அடுப்பை மூடியாயிற்றா என்று மூன்று தரம் பார்க்கிறவள் என்று கிண்டல் பண்ணுவீர்களே, இன்று ஐந்து தரம் பார்த்தேன்.

முதல் தடவை போனபோது அவள் மாசமாக இருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி கேட்டதை ஓர் அம்மா தமிழில் சொன்னார்: "இந்தியாவுல உங்களுக்கு யார் இருக்காங்க?" நீங்கள் பெருமையாக, "யாரும் இல்லீங்க. எங்களுக்கு அந்தப் பொண்ணுதான் எல்லாம்" என்றீர்கள். அவ்வளவுதான். போனால் திரும்பி வர மாட்டோம் என்று நினைத்துவிட்டார்கள். மறுப்புத் தாளோடு பாஸ்போர்ட் கைக்கு வந்தது. சென்ட்ரலில் ரயில் ஏறி அம்பத்தூரில் இறங்கும் வரை உங்களைத் திட்டித் தீர்த்தேன்.

"நான் இன்னா பொய்யா சொன்னேன்?" என்று கேட்டீர்கள்.

"உண்மைய யாரு கேட்டா உங்கள?"

எதிர் சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இரண்டாம் தடவைக்குள் பேரன் நடக்க ஆரம்பித்திருந்தான். "நீங்க வாயே தொறக்கக் கூடாது, நான் பேசிக்கிறேன்" என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் கூட்டிப் போனேன். அந்த அதிகாரியோ உங்களைப் பார்த்துக் கேட்டார்: பேரன் பெயர் என்ன? பால்காரர், ஷேர் ஆட்டோக்காரர், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் உங்களோடு லேத் ஓட்டியவர்கள் என்று ஒருவர் விடாமல் நீங்கள் சொல்லித் திரிந்த பெயர். பேசலாமா என்று என் முகத்தைப் பார்த்தீர்கள். பயத்தில் நான் முந்திக்கொண்டு "ஜோயல்" என்றேன். "அவரைத்தான் கேட்டேன்" என்றார் அதிகாரி. அப்போதும் நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். மறுபடியும் அதே தாள்.

அன்றைக்கு நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். "உடு புள்ள, அட்த்த தபா பாத்துக்கலாம்" என்றீர்கள். அந்த மழைக்காலத்திலேயே நெஞ்சுவலி வந்து போய்விட்டீர்கள். விசா மறுத்ததற்குக் காரணம் நான் முந்திப் பேசியதுதானா, வேறா, யாருக்குத் தெரியும்? ஆனால் உங்கள் வாயை அடைத்தது நான்தான். பேரனைத் தூக்காமலே உங்களை அனுப்பிவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

உங்கள் அடக்கத்துக்கு ஷீபாவால் வர முடியவில்லை. அவளுடைய விசாவையே புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடுவார்களோ என்ற கலக்கம். கல்லறைத் தோட்டத்தில் மாடியில் குடியிருக்கிறவர் பிடித்திருந்த போனில்தான் உங்களைக் கடைசியாகப் பார்த்தாள்.

போன வாரம் விண்ணப்பம் போட்டுக் கொடுத்த பெண், "தனியா போறவங்கன்னா இன்னும் யோசிப்பாங்க ஆன்ட்டி, திரும்பி வருவீங்களான்னு தோண்டித் தோண்டிக் கேப்பாங்க" என்றாள். அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. "வீடு இருக்கு, சர்ச் இருக்கு, மாடியில குடியிருக்கவங்க இருக்காங்கன்னு தைரியமா சொல்லும்மா" என்று தினமும் போனில் பாடம் நடத்துகிறாள் ஷீபா. கீரை ஆய்ந்துகொண்டே சொல்லிப் பார்க்கிறேன். இங்கே யார் இருக்கிறார்கள் என்று என்னை நானே கேட்டால், "வீட்டுக்காரர் இருக்காருங்க" என்றுதான் வாயில் வருகிறது.

இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று நடுங்குகிறேன். சரி என்று சொல்லிவிட்டால் அதைவிட நடுக்கம். அங்கே போய் நிற்பேன். ஷீபா ஓடி வந்து கதவைத் திறப்பாள். எல்லாம் தெரிந்தவள்தான், இருந்தாலும் என்னைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் என் முதுகுக்குப் பின்னே ஒரு தரம் பார்ப்பாள்.