உத்தரியத்தைக் கழற்றி வை

தூத்துக்குடி
ஆகஸ்ட் 12

அன்பு மகள் ஷெர்லினுக்கு அம்மா எழுதுவது. பனிமய மாதா தயவால் நானும் அப்பாவும் சுகம். ரோட்டர்டாமில் நீயும் சுகமாக இருப்பாய் என்று எழுத முடியாதபடி, அழகுக்கென்று நெஞ்சுத் தோலுக்கடியில் தகடு வைத்து நீ பதித்துக்கொண்ட கல்லைச் சுற்றித் தோல் சிவந்து, கல் வெளியே தள்ளி நிற்கும் படத்தை நீயே அனுப்பிவிட்டாய், அதனால் நேரே அதற்கு வருகிறேன். போனில் சொன்னால் அழுவாய், பாதியை மறப்பாய், அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

திருவிழாவுக்கு மணப்பாட்டிலிருந்து வந்து இன்னும் ஊர் திரும்பாத உன் விக்டோரியா அத்தை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ஏளா விஜிலா, கல்லத் தள்ளுதது தோலு இல்ல, மாதா, அதப் புடுங்கிப் போட்டுட்டுச் சாமியார்ட்டப் போயிப் பாவசங்கீர்த்தனம் பண்ணப் புள்ளட்டச் சொல்லு என்றார்கள். திருவிழா முடிஞ்ச களைப்புல மாதாவுக்கு இதுதான் வேலையா மைனி என்று கேட்டுவிட்டேன். அதிலிருந்து என்னோடு பேச்சில்லை, மீன்குழம்பு மட்டும் இரண்டு தடவை ஊற்றிக்கொள்கிறார்கள். அப்பா துறைமுகத்தில் முப்பது வருஷம் கப்பலைக் கரையோடு கட்டும் கயிற்றோடு மாரடித்த மனுஷர் இல்லையா, கயிறு உரசி இரும்புத் தூணே தேயுது, இவ தோலு எம்மாத்திரம், கழுத்துல என்ன கிடக்குன்னு கேளு என்றார். எனக்குச் சுருக்கென்றது. தேதி குறித்து வைக்கும் நோட்டை எடுத்துப் பார்த்தேன். நீ கல் பதித்தது பிப்ரவரி 11, ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லை. கயிற்றில் கோத்துக் கழுத்தில் போடும் கார்மேல் மாதா உத்தரியத் துணியை நான் பார்சல் போட்டது ஜூலை 17, உன் கைக்கு வந்தது 25, சிவப்பு கண்டது ஆகஸ்ட் 4. குளிக்கும்போதுகூடக் கழற்றாதே என்று சொன்னதும் நான்தான். அந்தத் துணி ஈரத்தோடு ராப்பகலாகக் கல்லின்மேல் கிடந்து உரசியிருக்கிறது. தள்ளியது மாதாவும் இல்லை, உன் பாவமும் இல்லை, என் பார்சல்.

ஆகையால் படித்த கையோடு உத்தரியத்தைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வை. பதித்த கல்லைப் பேணுவது பற்றிப் போனில் இங்கிலீஷில் கிடந்ததை அகராதி வைத்து மூன்று நாள் படித்தேன். கல்லைத் திருகாதே, பொருக்கை நகத்தால் பெயர்க்காதே, மருந்துக்கடை உப்புநீரைத் தெளித்துக் காகிதத்தால் ஒற்றி எடு, துவாலையால் தேய்க்காதே. முன்பு நான் சொன்ன மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் ஆகவே ஆகாதாம், மறந்துவிடு. கார் பெல்ட்டும் பை வாரும் அங்கே படக்கூடாது, குப்புறப் படுக்காதே. நாளைக்கே பதித்தவரிடம் போய்க் காட்டு. தோல் மெலிந்து அடியில் தகடு தெரிகிறது, கல் இனி நிற்காது என்று அவர் சொன்னால், பெரிய தழும்பு விழும் முன்பே அவர் கையாலேயே எடுக்கட்டும், நீயாகப் பிடுங்காதே. எடுத்தால் உன் தோலுக்காக எடு. அத்தை வாய்க்குப் பயந்து எடுத்தாய் என்று தெரிந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

உத்தரியத்தைக் கழற்றினால் மாதாவின் காவல் போய்விடுமோ என்று பயப்படுவாய், நான் அப்படித்தானே சொல்லி வளர்த்தேன். நேற்றுக் கோயில் வாசலில் இன்னொரு உத்தரியம் வாங்கி, பூசை முடிந்து சாமியாரிடம் கொடுத்து மந்திரித்து வாங்கி, என்னுடையதோடு சேர்த்துப் போட்டுக்கொண்டேன். அத்தைக்குப் பொறுக்கவில்லை, வாயைத் திறந்து, எதுக்குளா ரெண்டு என்றார்கள். ஒண்ணு ஷெர்லினுக்கு மைனி, எந் தோலு உரசினாத் தாங்கும் என்றேன்.

மாதா உன்னைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும். பதித்தவர் என்ன சொன்னார் என்று அன்றைக்கே போன் போடு.

உன்னைப் பெற்றவள்,
விஜிலா ஹென்றி