பேசியவர்கள் பெயர்

நாகல் நகர்,
திண்டுக்கல்.
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள செலின் அப்பாவுக்கு,

கிளாரா எழுதிக்கொள்வது. இயேசுவுக்கே புகழ். இங்கே நானும் செலினும் மாமாவும் சுகமாக இருக்கிறோம். மாமாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. உங்கள் தொண்டை எப்படி இருக்கிறது? ஏசி அறையில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கத்துகிற வேலை. வெந்நீர் ஒரு பிளாஸ்க்கில் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் கண்ட இடத்தில் ஐஸ் போட்ட ஜூஸ் குடிக்க வேண்டாம்.

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் கோபமாகத்தான் ஆரம்பிப்பேன். நீங்கள் உடனே அந்தக் கார்ட்டூன் கழுதை பொதிராசு குரலில், "என்னங்க மேடம், காலையிலயே இம்புட்டுச் சூடா" என்பீர்கள். நான் சிரித்துவிடுவேன். சிரித்த வாயால் பிறகு சண்டை போட முடியாது. நான் சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும். எத்தனையோ தடவை அப்படிப் போயிருக்கிறது. காகிதத்தில் உங்களால் குரல் மாற்ற முடியாது அல்லவா, அதனால்தான் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுத்தான் மடிக்க வேண்டும்.

முதலில் நல்ல செய்தி. உங்கள் மகள் ஏழாம் வகுப்புக்கு லீடர் ஆகிவிட்டாள். சாரே பார்த்துப் போட்டது இல்லை. தேர்தல் வைத்து, ஓட்டுப் போட்டு, எண்ணி, ஜெயித்திருக்கிறாள். இந்தத் தேர்தலுக்குக் காரணமே நீங்கள்தான். உங்களுக்கு அது தெரிந்திருக்காது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து நான் கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளெல்லாம் நம் வீட்டு டிவி முன்னால்தான். நீங்கள் குரல் கொடுக்கிற அந்த விலங்குப் பள்ளிக்கூடக் கார்ட்டூன் ஓடியது. அன்றைக்கு அதில் வகுப்புத் தலைவர் தேர்தல். உங்கள் கழுதை பொதிராசு நின்றான். வீட்டுப்பாடம் கிடையாது, சாப்பாட்டு மணி இரண்டு தடவை அடிக்கும், மைதானத்துப் புல் எல்லாருக்கும் சொந்தம் என்று அள்ளிவிட்டு ஜெயித்தான். ஜெயித்ததும், கரடி ஹெட்மாஸ்டரிடம் பேச வாரேன் என்று சொல்லிவிட்டு வகுப்புப் பக்கமே தலைகாட்டவில்லை. எல்லாக் குட்டிகளும் தேடிப்போய் மடக்கினபோது காதை ஆட்டிக்கொண்டு சொன்னான்: "வாரேன்னுதான சொன்னேன். எப்ப வாரேன்னு சொன்னேனா?"

பிள்ளைகள் தரையில் உருண்டு சிரித்தார்கள். நான் மிக்ஸியை நிறுத்திவிட்டு நின்றேன். செலின் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். போன கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டிவிட்டு, ஏன்ப்பா வரல என்று அவள் போனில் கேட்டபோது நீங்கள் சொன்ன பதில் அதுதான். ஒரு வார்த்தை மாறவில்லை. அன்றைக்கு அவளும் சிரித்தாள், பக்கத்தில் நின்ற நானும் சிரித்தேன். நீங்கள் வராத இரண்டாவது கிறிஸ்துமஸ் அது. அந்த வசனத்தை எழுதிக் கொடுத்தார்களா, நீங்களாகச் சேர்த்தீர்களா என்று கேட்க மாட்டேன். 'வாரேன்' என்று எந்தச் சென்னைக்காரன் எழுதுவான்?

மறுநாள் முதல் ஊரெங்கும் அதே பேச்சு. ஆட்டோக்காரர் முதற்கொண்டு சொல்கிறார். எங்கள் ஜெராக்ஸ் கடையில் ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் மீதிக் காகிதம் எப்போது வரும் என்று கேட்டால், அவரும் அந்தக் கழுதை மாதிரியே பதில் சொல்கிறார். கடைக்கார குர்ஷித் பேகம் அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். அது யாருடைய குரல் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் உங்கள் வீட்டுக்காரர் எப்போது வருவார் என்று அடுத்து கேட்பார், அதற்குப் பயந்துதான்.

செலின் வகுப்புப் பிள்ளைகள் எங்களுக்கும் அதே மாதிரி எலெக்ஷன் வேண்டும் என்று அவர்களுடைய சாரைப் பிடித்துக்கொண்டார்கள். மரியசெல்வம் சார் என்று பெயர், புதிதாக வந்தவர், பிள்ளைகள் பேச்சைக் கேட்கிற மனிதர். இதுவரை முதல் மார்க் எடுக்கிற பிள்ளைதான் லீடர். லீடருக்கு இருக்கிற ஒரே அதிகாரம் உங்களுக்குத் தெரியும். சார் வெளியே போனால் கரும்பலகை ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டு, வாய் திறந்தவன் பெயரை எழுத வேண்டும். அடங்காமல் திரும்பப் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு இன்டூ. அப்புறமும் பேசினால் இன்னொரு இன்டூ. இப்போதும் அதே முறைதான், ஒன்றும் மாறவில்லை.

எதிர்த்து நின்றவன் மணிமாறன். அவன் அப்பா எங்கள் கடைக்கே வந்து, 'ஏழாம் வகுப்பின் விடிவெள்ளியே' என்று கலரில் போஸ்டர் அடித்துக்கொண்டு போனார். பையன் கைகட்டி நிற்கிற படம், பின்னால் சிங்கம். என் கையால்தான் அதை அச்செடுத்துக் கொடுத்தேன். செலினுக்கும் ஒன்று போடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். யார் பெயரையும் பலகையில் எழுத மாட்டேன், அதுதான் என் வாக்குறுதி என்றாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

தேர்தல் முடிந்த அன்று வந்து, "ஜெயிச்சுட்டேன்மா" என்று ஒரு வார்த்தை சொன்னாள். பிறகு யூனிபார்மைக்கூட மாற்றாமல் படுத்துக்கொண்டாள். அவளுக்குப் பிடித்த முட்டைக் குழம்பு வைத்தும் சாப்பிடவில்லை. ஜெயித்தவள் முகம் அப்படியா இருக்கும்? எவ்வளவு கேட்டும் வாய் திறக்கவில்லை. நடந்தது எல்லாம் போன சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது மரியசெல்வம் சார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஓட்டுக்கு முன்னால் ஆளுக்குக் கொஞ்ச நேரம் பேச விட்டிருக்கிறார். மணிமாறன் தினமும் விளையாட்டுப் பீரியடு வாங்கித் தருவேன் என்று கைத்தட்டல் வாங்கிவிட்டான். அடுத்து இவள். பெயர் எழுத மாட்டேன் என்று சொன்னதற்கு ஒருவரும் அசையவில்லையாம். என்ன தோன்றியதோ, பொதிராசுவுக்குக் குரல் கொடுக்கிறது எங்க அப்பாதான் என்று சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்தது. மணிமாறன் எழுந்து, அப்ப அந்தக் கரடி எங்க சித்தப்பா என்றான். இவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் பொய் சொல்லல, எங்க அப்பா இங்கயே வருவார், உங்க முன்னாடி நின்னு பேசுவார் என்றாள்.

அப்போது பின் பெஞ்சில் ஒருவன் அந்தக் கழுதை மாதிரியே ஆரம்பித்தானாம். உடனே மொத்த வகுப்பும் சேர்ந்துகொண்டது. "வருவாருன்னுதான சொன்ன. எப்ப வருவாருன்னு சொன்னியா?" நாற்பது பிள்ளைகளும், செலின் அப்பா, உங்கள் குரலில். பிள்ளைகள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் விளையாட்டுக்குச் சொன்னார்கள்.

சார் எல்லாரையும் அமர்த்திவிட்டு, தன் போனை அவளிடம் கொடுத்து அப்பாவைக் கூப்பிடு என்றிருக்கிறார். முழு ரிங்கும் போய் அடங்கியது. தெரியாத எண் ஒன்று உங்களுக்கு வந்திருக்குமே, அது உங்கள் மகள்தான். நீங்கள் ஒலிப்பதிவில் இருந்திருப்பீர்கள், அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் சொன்னாள், வருகிற மாதம் முதல் வெள்ளிக்கிழமை லீடர்களுக்குப் பேட்ஜ் குத்துற அன்னைக்கு வருவார், எங்க அப்பா கையாலதான் நான் பேட்ஜ் குத்திக்குவேன் என்று. எப்போது என்று நீங்கள் சொல்லாததை அவள் சொல்லிவிட்டாள்.

அதற்கப்புறம் ஓட்டுப் பெட்டியைத் திறந்தால் பாதிக்கு மேல் செலினுக்கு. நம்பிப் போட்டார்களா சார் என்று கேட்டேன். அவர், நம்பினவங்களும் போட்டாங்க, வர்றாரா இல்லையான்னு பாக்க ஆசைப்பட்டவங்களும் போட்டாங்கம்மா என்றார். நல்ல மனிதர், மழுப்பாமல் சொன்னார்.

கூட்டம் முடிந்து எழுந்தபோதுதான் கரும்பலகையைப் பார்த்தேன். ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று அவள் கையெழுத்து. வாக்குக் கொடுத்தபடி பிள்ளைகள் பெயர் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. பா. ஸ்டீபன்ராஜ். உங்கள் பெயர். பக்கத்தில் இன்டூ, இன்டூ, இன்டூ என்று பலகையின் விளிம்புவரை. தினமும் காலையில் ஜெபம் முடிந்ததும் ஒன்று போடுகிறாளாம். முதலில் பிள்ளைகள் சிரித்தார்களாம், இப்போது சிரிப்பதில்லையாம். நீங்கள் ஏன் அழிக்கவில்லை என்று சாரைக் கேட்டேன். பெயர் இருக்கிற ஆள் முன்னால வந்து நின்னாத்தான் லீடர் அழிக்கணும், அதுதானம்மா முறை என்றார். நான் மற்றப் பெற்றோர் முன்னால் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, சைக்கிள் ஷெட் பக்கம் நின்று அழுதேன்.

வீட்டுக்கு வந்து அவளைத் திட்டவில்லை. அப்பாவைப் பேசி அனுப்பச் சொல்கிறேன், போனில் வகுப்புக்குப் போட்டுக் காட்டு, எல்லாரும் நம்பிவிடுவார்கள் என்று மட்டும் சொன்னேன். அதற்கு அவள் சொன்னாள்: "குரலத்தான் எல்லாரும் டிவியிலயே கேக்குறாங்களேம்மா. ஆளு வேணும்."

மாமாவிடமும் சொன்னேன். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று நீங்கள் கிளம்பின அன்று வாசலில் நின்று சொன்ன வார்த்தைக்கு அவர் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்த வழக்கம் உங்கள் குடும்பத்தில் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை டிவி முன்னால் முதல் நாற்காலி அவருடையதுதான். சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு, "அவன் இன்னும் வரலையாம்மா" என்று கேட்கிறார். அவர் கேட்பது கழுதையையா, மகனையா? விஷயத்தைச் சொன்னதும், உங்கள் மாடி அறை ஃபேன் ஓடுகிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

திரையில் முகம் வந்த பிறகுதான் இந்த வாசலை மிதிப்பேன் என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனது எனக்கு மறக்கவில்லை. கதாநாயகனாக வருகிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டுப் போய், பொம்மைக் கழுதைக்குக் குரல் கொடுக்கிறோமே என்று உங்களுக்குக் கூச்சம். இந்த ஊரில் அந்தக் கூச்சம் உங்கள் ஒருவருக்குத்தான் இருக்கிறது. உங்கள் மகள் அதைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டாள். வேறு பெருமை எதையும் அவள் சொல்லவில்லை. எனக்கு உங்கள்மேல் நிறையக் கோபம் இருக்கிறது, அதை நேரில்தான் சொல்வேன். ஆனால் உங்கள் வேலையைப் பற்றி ஒருநாளும் எனக்குக் கோபம் இருந்ததில்லை. இதைத் தெளிவாக எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

அந்த முதல் வெள்ளிக்கிழமை காலைக்குள் வந்து சேருங்கள். பள்ளிக்கூடத்தில் நீங்கள் ஒன்றும் பெரிதாகச் செய்ய வேண்டாம். பலகை முன்னால் போய் நில்லுங்கள், அவள் அழித்துக்கொள்வாள். உங்களால் வரவே முடியாது என்றால், அதை அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். வரமாட்டேன் என்று சொல்லுங்கள், வாரேன் என்று சொல்ல வேண்டாம். பொதிராசு குரலில் இல்லாமல் உங்கள் சொந்தக் குரலில் சொல்லுங்கள். அவள் அழுவாள், நான் பார்த்துக்கொள்வேன். தினமும் காலையில் போய்ச் சாக்பீஸ் எடுக்கிறாளே, அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

இந்தக் கடிதம் எழுதுவது செலினுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். நீங்கள் நீங்களாகவே வந்ததாக இருக்கட்டும்.

இன்று செவ்வாய்க்கிழமை என்பதால் கடை முடிந்து அந்தோணியார் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்துதான் எழுத உட்கார்ந்தேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் ஆயிற்றே, என்னம்மா தொலைத்தாய் என்று மணியடிக்கிற கோயில் பிள்ளை கேட்டார். வீட்டுச் சாவி என்று சொல்லிவைத்தேன். பொய்தான், அந்தோணியார் மன்னிக்கட்டும். வீடு எப்போதும் திறந்துதான் இருக்கிறது.

ஆண்டவர் உங்களை வழியெல்லாம் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் கிளாரா