பலகையில் நான் எழுதிய இடம்

என் கண்ணான மகள் ஹசீனாவுக்கு, உன் கப்றுவரைக்கும் என் ஸலாம் எட்டட்டும்.

இதை நானேதான் எழுதுகிறேன், புள்ள. 'ழ' வரும்போது மட்டும் நின்று மூச்சு விட வேண்டியிருக்கிறது. நீ மௌத்தாகிப் பத்து மாதத்தில் முதியோர் வகுப்புக்குப் போய் எழுதப் பழகிவிட்டேன். நம்புவாயா?

கல்முனையில் படித்து முடித்ததும், சம்பளமில்லாத பயிற்சி என்று யானை ஆராய்ச்சிக்காரரோடு சேர்ந்தாய். "யானைக்குப் பின்னால திரியிறதுக்கா படிச்ச நீ?" என்று ஏசினேன். "திரியல்ல வாப்பா, எண்ணுறன். நீங்க ஏசுறத எண்ணினா கொப்பி காணாது" என்றாய். மலேரியாக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு அந்த வேலையை நானே கேட்டு வாங்கினேன். நீ யானைக் கணக்கு எழுதிய கொப்பியும் என்னிடம் வந்தது.

பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சந்தியில் நீ வைத்த பலகையில் காலையில் எழுதுவாயே, எத்தனை யானை, என்ன தின்றது, குட்டி எப்படி இருக்கிறது என்று. அதையும் நான் எழுதத் தொடங்கினேன். பிள்ளைகள் என் எழுத்தைச் சத்தமாக வாசித்தால், முடியும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் போவேன். ஒருநாள் பலகையில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. வெறுமனே விட மனம் வரவில்லை. "தாயும் குட்டியும் குளக்கட்டுக்குக் கிழக்கே பெரிய மருத மரத்தடியில் நிற்கின்றன" என்று எழுதினேன். ஒரு பிழையும் இல்லை என்றார் வாத்தியார்.

மறுநாள் அந்த மரத்தடியில் தாய்க்கு வெடி வைத்து, சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

வயல்காரன் அசனார் என்னைச் சந்தியில் கண்டு சிரித்தான். "மூணு நாளா அலைஞ்சம் காக்கா. நீங்க எழுதினதாலதான் கால் நோகாம முடிஞ்சுது. குட்டி நிக்கிற இடத்தையும் போடுங்களன்." நன்றியோடுதான் சொன்னான். அவனோடு கோபிக்கவும் முடியவில்லை. அவன் வயலில் விளைந்த வேளாண்மை முழுவதையும் அந்த யானைதான் மிதித்தது. பிள்ளைகளுக்கு அவித்த மரவள்ளிதான் சாப்பாடு.

உன் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து நாளுக்கு ஒரு பக்கம் வாசித்து வந்தேன். அதற்கு மேல் என்னால் ஏலாது. தாய் செத்த மறுநாள் வாசித்த பக்கத்தில் உன் எழுத்து இருந்தது: "பலகையில் இடம் எழுதக் கூடாது. பிள்ளைகள் மட்டும் வாசிப்பதில்லை."

முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கக் கூடாதா, மகள்? பார், உன்னைக் குற்றம் சொல்கிறேன். ஒரு மூன்று நாளாவது இரண்டிரண்டு பக்கம் வாசித்திருந்தால்?

குட்டி காட்டுக்குள் ஒதுங்கிவிட்டது. தேடிக் கண்டுபிடித்தேன். பால் மறக்காத குட்டி. பால்மா கரைத்துக் கொண்டுபோனேன், கிட்ட வரவில்லை. விலா எலும்பு தெரிகிறது. இன்னும் எத்தனை நாளைக்கு?

ஆராய்ச்சிக்காரர் திங்கட்கிழமை வருகிறார்கள். யார் இடத்தைக் காட்டிக் கொடுத்தது என்று கேட்டிருக்கிறார்கள். உன் முகத்துக்காக ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் மறைக்கமாட்டேன். உன் கொப்பியின் வெற்றுப் பக்கத்தில் நடந்ததை எழுதி, என் பெயரைப் போட்டுக் கொடுப்பேன். அதன் பிறகு என்னை வேண்டாம் என்றாலும் சரி.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். உயிர் இருக்கும்வரை குட்டிக்குப் பக்கத்தில் இருப்பேன். எந்த இடம் என்று உனக்குக்கூட எழுதமாட்டேன், மகள். இந்தக் கடிதத்தையும் யாராவது வாசிப்பார்கள்.

உன்னை ஏசிய, உன் வேலையைக் கெடுத்த,
உன் வாப்பா