பத்துப் பேரும் ஒரு எதிர்க்கட்சியும்

மாமு,

காலையில் சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் கடையைத் திறந்து, சாமி படத்துக்கு ஊதுவத்தி கொளுத்திவிட்டு, கம்பி லோடு இறக்க கிரேன்காரனுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் சுமை தூக்கும் ஆறுமுகம் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரும்புத் தூளும் டீசல் புகையும் தவிர வேறு எதுவும் மூக்குக்கு எட்டாத சந்தையில் திடீரென்று உன் வாசனை. போனைக் காதில் வைத்தபடியே திரும்பிப் பார்த்துவிட்டேன். "அண்ணாச்சி, லைன்ல கீறீங்களா, இல்லியா?" என்று கிரேன்காரன் கத்திய பிறகுதான் வாயைத் திறந்தேன். எழுதாமல் ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்ட மடலை இன்றைக்கு எழுதிவிடலாம் என்று தோன்றியது. சொல்ல நல்ல சேதியும் இருக்கிறது.

நீ முழங்காலில் தேய்க்கும் அந்தத் தைலம் இல்லாமல் நாம் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. ராயபுரத்துப் பள்ளிக்கூடக் கூடைப்பந்து அணியில் நீ பந்தைக் கொண்டுபோகிறவன், நான் பெஞ்சு காற்றில் பறக்காமல் பார்த்துக்கொள்கிறவன். ப்ளஸ் டூ படிக்கும்போது உன் முழங்கால் திருகிக்கொண்டது, ஆட்டம் அத்தோடு போயிற்று. நீ துறைமுகத்தில் கிரேன் ஏறினாய். நான் அப்பாவின் இரும்புக் கடையில் உட்கார்ந்தேன். ஆட முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? ஆடுகிறவர்களுக்கு மார்க் போடுவார்கள். நாமும் அதைத்தான் செய்தோம்.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளில் இந்த வருடத்தின் முதல் பத்துப் பேர் யார் என்று, பையன்களுக்கு ஒன்றும் பெண்களுக்கு ஒன்றுமாக எழுதி வாட்ஸப்பில் விட்டோம். முதல் வருடப் பட்டியலில் பாதிப் பேர் ராயபுரம், மிச்சத்தில் பாதி என் அப்பாவின் ஊரான கோவில்பட்டிப் பக்கம். முகம் தெரியாத ஒரு கோச் மதுரையிலிருந்து எழுதினார்: "இது தமிழ்நாடு லிஸ்ட்டா, உங்க ரெண்டு பேர் ரேஷன் கார்டா?" நான் கோபத்தில் குதித்தேன். நீதான் தைலத்தை மூடி வைத்துவிட்டுச் சிரித்தாய்.

"கரீட்டா சொல்லிகீறாரு அண்ணாச்சி. இனிமே ஒரு ரூலு. உனுக்குப் புட்ச ஆளுக்கு நீதான் எதிர்க்கட்சி. எனுக்குப் புட்ச ஆளுக்கு நான். எதிர்க்கட்சி திட்டித் தீத்த பொறவும் அந்தப் புள்ள நின்னுச்சுனா, நிக்கட்டும்."

அந்த விதிதான் நம் பட்டியலுக்கு மரியாதை வாங்கித் தந்தது. கோவில்பட்டிப் பையன் ஒருவனை நான் மனதில் தூக்கி வைத்துக்கொண்டு, வாயால் அவனை வெளுத்து வாங்குவேன். அவன் முகத்தைக்கூடப் பார்த்திராத நீ அவனுக்காக வக்கீல் மாதிரி வாதாடுவாய். போகப்போகப் பட்டியலுக்கு ஆள் சேர்ந்தது. பெற்றோர் காத்திருந்தார்கள், கோச்சுகள் சண்டைக்கு வந்தார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் பிள்ளைகளை எடுக்கும் கல்லூரிக்காரர்கள் யாரைப் போய்ப் பார்க்கலாம் என்று அதைப் பார்த்து முடிவு செய்தார்கள். சீட்டு வாங்கித் தரும் அதிகாரம் நமக்கில்லை. ஆனால் நாம் சொன்ன பெயரை நான்கு பேர் நேரில் போய்ப் பார்த்தார்கள். அதனாலேயே பொய் சொல்லக்கூடாது என்ற பயம் நம் இருவருக்குமே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நீயும் உன் மனைவி ரீட்டாவும் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் நான் உன் வீட்டுக்கு வந்துவிடுவேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரில் உயிரைப் பிடித்துக்கொண்டு நான் வந்து சேர்வதற்குள் ரீட்டாவின் மீன் குழம்பு கொதித்து முடிந்திருக்கும். அப்புறம் சாயங்காலம் வரை நமக்குள் சட்டசபைதான். "ரெண்டு கெயவனுங்க ஒக்காந்துகினு அந்தப் பொண்ணு கையி சரியில்ல, இந்தப் பொண்ணு காலு சரியில்லனு கத்துனா, தெருவுல போறவன் இன்னா நெனப்பான்?" என்று ரீட்டா அடுப்படியிலிருந்து கேட்பாள். நியாயமான கேள்வி.

நீ எதைப் பார்த்து மார்க் போடுவாய் என்பது எனக்கு முதலில் விளங்கவில்லை. கூடையில் பந்து விழும்போது ஊரே கை தட்டும், நீ மட்டும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பாய். "பந்து உள்ள போறத எவன் வேணா பாப்பான். கைய வுட்டுப் போச்சே, அடுத்து இன்னா பண்றான்? அத்த பாரு அண்ணாச்சி" என்றாய். அதிலிருந்து நானும் அதையே பார்த்தேன். பந்தைப் பறிகொடுத்தவர்களில் சிலர் நடுவரைப் பார்ப்பார்கள், சிலர் தலையைத் தொங்கப்போடுவார்கள். நல்ல ஆட்டக்காரர்கள் பறித்தவனுக்கு முன்னால் தம் கூடையைக் காக்க ஓடி வந்துவிடுவார்கள்.

பிறகு ஸ்டெல்லா வளர்ந்தாள். நம் தலைவலியும் வளர்ந்தது.

உன் மகள் என்பதற்காகச் சொல்லவில்லை, அவளைப் பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவள் பதினொன்றாம் வகுப்பில் இருந்த போன வருடம் அவள் பெயர் தானாகவே மேலே வந்தது. விதிப்படி நீ எதிர்க்கட்சி, நான் அவள் பக்கம். அன்றைக்கு நீ பேசிய மாதிரி நீ யாரைப் பற்றியும் பேசியதில்லை. அவளுக்கு இடது கை சும்மா தொங்குகிறது, வலது பக்கம் தவிர வேறு வழி தெரியாது என்றாய். கடைசி நிமிடத்து ஃப்ரீ த்ரோவில் முழங்கால் நடுங்குகிறது என்றாய். கடைசியாக ஒன்று சொன்னாய்.

"பந்து போனா கேலரிய பாக்குறா அண்ணாச்சி. அப்பன் இன்னா மூஞ்சில கீறான்னு பாக்குறா. அவ பாத்துட்டுத் திரும்பறதுக்குள்ள அங்க ஒரு கூட வுயுந்துடுது. இவள எப்டி டாப் டென்ல போடுவ?"

அது உண்மை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்திருக்கிறேன். தோற்றேன். அவள் பதினோராவது இடத்துக்குப் போனாள், பத்தோடு முடியும் பட்டியலில் பதினோராவது. பக்கத்து அறையில் அவள் இருந்ததை நாம் இருவரும் மறந்துவிட்டோம். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அன்றைக்கு அவள் சாப்பிட வரவில்லை. என்னை வழியனுப்பப் படி இறங்கும்போது நீ மெதுவாக, "நல்லாத்தான் ஆடுறா அண்ணாச்சி" என்றாய். இதை அவளிடம் சொல்லேன் என்றேன். "சொல்லணும்" என்றாய்.

கோடை வருவதற்குள் உன் நெஞ்சு உன்னைக் கைவிட்டுவிட்டது. துறைமுகத்து ஆட்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது ஸ்டெல்லா அழாமல் நின்றாள். எனக்கு உன் சாவை விட அந்தப் பெண்ணின் முகம்தான் பயமாக இருந்தது. நீ அவளிடம் சொன்னாயா, இல்லை அந்த எதிர்க்கட்சிப் பேச்சுதான் அவள் காதில் விழுந்த கடைசித் தீர்ப்பா? யாரிடம் கேட்பது? மாதக்கணக்கில் இது தொண்டையில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

இந்த வருடப் பட்டியலுக்கு நாள் வந்தது. "லிஸ்ட்டு எப்ப அண்ணே?" என்று போனில் செய்திகள் குவிந்தன. ஸ்டெல்லாவுக்கு இது கடைசிப் பள்ளி வருடம், கல்லூரிக்காரர்கள் பார்க்கும் வருடம். அவளைச் சேர்த்தால் செத்துப்போன சிநேகிதனுக்கு மாலை போட்டதாகிவிடும். விட்டால் அவள் உழைப்பில் மண் போட்டதாகிவிடும். அவளைச் சேர்த்தால் பத்தாவது இடத்தில் இருக்கும் கோவில்பட்டிப் பெண் வெளியே போக வேண்டும். அவளும் யாரோ பெற்ற பிள்ளைதானே? எனக்கு எது நியாயம், எது பாசம் என்றே பிரிக்கத் தெரியவில்லை. பட்டியலையே நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். கோழைத்தனம்தான். ஒப்புக்கொள்ள வெட்கமில்லை.

அந்த ஞாயிறு ரீட்டா கூப்பிட்டாள். "வஞ்சிரம் வாங்கிகீறேன், வந்துட்டுப் போங்கண்ணே." நீ போன பிறகு அந்தப் படியை அதிகம் ஏறியிருக்கவில்லை. உள்ளே நுழைந்ததும் ஸ்டெல்லா எதிரே வந்து உட்கார்ந்தாள். அவளும் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

"லிஸ்ட்டு இன்னாச்சு மாமா?"

"இந்த வருசம் இல்லம்மா. நிறுத்திடலாம்னு இருக்கேன்."

"நான் கீறேன்னா?"

நான் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்தேன்.

"உங்களுக்கு எதிர்க்கட்சி இல்ல, அதான?" என்றாள். "எனுக்கு என்னத்தான் புடிக்கும். அப்போ ரூலு படி எனுக்கு நான்தான எதிர்க்கட்சி? நீங்க எப்பவும் போல என் கட்சில இருங்க."

ஆட்டக்காரியே தேர்வுக் குழுவில் உட்காரும் கூத்து உலகத்தில் வேறு எங்காவது நடக்குமா? ஆனால் விதி விதிதான், அதைப் போட்டவன் நீ. அவள் கால் மேல் கால் போட்டுக்கொண்டு, உன்னை மாதிரியே முழங்காலைத் தேய்த்தபடி ஆரம்பித்தாள்.

"இவளுக்கு லெஃப்ட்டு கையி சும்மா தொங்கினுகீது அண்ணாச்சி."

ரீட்டா அடுப்படியில் சிரித்துவிட்டாள். நான் என் கட்சிக்காக எழுந்தேன். போன மாதத்து ஆட்டத்தில் இடது கையால் போட்ட இரண்டு கூடைகளைச் சொன்னேன். "ரெண்டுதான? அரக் கையி" என்றாள். யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அந்த வாதத்தில் எதிர்க்கட்சி ஜெயித்தது என்று ஒப்புக்கொண்டேன். அடுத்து ஃப்ரீ த்ரோ. அதில் அவளுக்கே பேச ஒன்றும் இல்லை. தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் நின்று போட்டுப் போட்டு அந்த நடுக்கத்தை ஒழித்திருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டவள் அழுவதற்காக மட்டும் சாத்தவில்லை. நீ சொன்ன குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சரிசெய்திருக்கிறாள்.

"அப்றம், பந்து போனா கேலரிய..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள்.

கேலரியில் இப்போது யார் இருக்கிறார்கள், அவள் பார்ப்பதற்கு? ஆள் இல்லாததால் பார்க்காமல் இருப்பது தேர்ச்சி ஆகுமா?

"அது அப்பா இருக்கறப்பவே நிறுத்திட்டேன் மாமா" என்றாள். "பொங்கலுக்கு அப்பறம் ஒரு மேட்ச்சு. நீங்க வரல. பந்து போச்சு, கய்த்து தானா திரும்புது. திரும்பக் கூடாதுனு ஓடிட்டேன். அப்பா அத்த பாத்தாரா இல்லியானுதான் தெரில. வூட்டுக்கு வந்து ஒண்ணும் சொல்லல."

கரண்டியோடு ரீட்டா அறை வாசலில் வந்து நின்றாள்.

"பாத்தாருடி. உன்னாண்டதான் சொல்லல. அன்னிக்கு நீ தூங்கிட்ட. சாப்டுகினே சொன்னாரு, 'இன்னிக்கு அவ என்னத் திரும்பியே பாக்கல ரீட்டா. இனிமே எதிர்க்கட்சிக்கு வேல இல்ல'ன்னு. ரெண்டாவது தபா சோறு கேட்டு வாங்கித் துன்னாரு. அவரு போனதுல இருந்து எல்லாரும் எத்தையாவது கேட்டுகினே இருந்தாங்களா, எனுக்கு இது நாபகமே வரல."

ஸ்டெல்லா அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன் மாமு, மறைக்கவில்லை. துக்கத்தில் அழுததாகத் தெரியவில்லை. அந்த முள் இறங்கிப் போயிற்று. மாதக்கணக்கில் சரியாக மூச்சு விடாதவன் அன்றைக்கு விட்டேன். ரீட்டாதான், "கொயம்பு ஆறுது, எந்திரிங்க" என்று எங்கள் இருவரையும் அதட்டினாள்.

பட்டியலை வெளியிட்டேன். ஸ்டெல்லா ஆறாவது இடம். அந்த அரைக் கை மட்டும் முழுக் கையாகியிருந்தால் மூன்றாவது வந்திருப்பாள். அவளே எடுத்து வைத்த வாதம், அதை மீற எனக்கு மனம் வரவில்லை. கோவில்பட்டிப் பெண் பதினோராவது. அவளுக்கு இன்னும் ஒரு வருடம் பள்ளி இருக்கிறது. அவளுடைய கோச்சிடம் அவளைப் பற்றிய எதிர்க்கட்சி வாதம் முழுவதையும் போனில் சொல்லிவிட்டேன், ஸ்டெல்லா விஷயத்தில் அது வேலை செய்ததைக் கண்ணால் பார்த்தவன் என்பதால். நம் பழைய மதுரைக்காரர் ஒரு வரி எழுதினார்: "ஆறு சரி. நான் ஐந்து போட்டிருப்பேன்." ரேஷன் கார்டு என்று சொன்ன அதே வாய்! ஒரு கல்லூரியிலிருந்து ஸ்டெல்லாவைத் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போய் ஆடி வாங்குவது அவள் பாடு.

எனக்கு மிஞ்சியது உன் விதிதான். கடையில் ஒரு ஆளை எனக்குப் பிடித்துப்போனால் முதலில் அவனுக்கு எதிராக நானே பேசிப் பார்க்கிறேன். என் மகன் விஷயத்திலும் அப்படித்தான். ஆனால் நீ செய்யத் தவறியதையும் சேர்த்துச் செய்கிறேன். எதிர்க்கட்சி தோற்றதும், தோற்றுவிட்டேன் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் துறைமுகத்துப் பக்கத்து மைதானத்தில் ஸ்டெல்லாவுக்கு ஆட்டம். கேலரியில் நீ உட்காரும் படியில் உட்கார்ந்தேன். கடற்காற்று அடித்தது, வெளியே லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. இரண்டாம் பாதியில் அவள் கையிலிருந்து பந்து போயிற்று. ஊரே பந்தைப் பார்த்தது, நான் அவள் கழுத்தைப் பார்த்தேன். அது அசையவில்லை. தன் கூடையை நோக்கி ஓடினாள்.

என்னையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை மாமு. வீட்டுக்கு வந்து இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.